உற்பத்திப் பொறியியலில் முதுகலை: முதலில் பட்டறைக்குப் போங்கள்

இயந்திரவியல் இறுதியாண்டில் இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கல்லூரியில் சேரலாம்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

முதல் படி, பட்டறை. தெரிந்தவர் யாரிடமாவது அனுமதி கேட்டு, நான்கைந்து நாள் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பாருங்கள். வரைபடத்தில் ஒரு துளைக்கு '25 ஹெச்7' என்று குறித்திருப்பார்கள். விட்டம் 25.000 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது, 25.021-ஐத் தாண்டவும் கூடாது என்பது அதன் பொருள். 21 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 21 பங்கு) இடம். நம் தலைமுடியே பெரும்பாலும் இதைவிடத் தடிமனானது. டிரில்லை மட்டும் நம்பினால் இந்த அளவு கிடைக்காது. சற்றுச் சிறிதாகத் துளைத்து, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் விட்டு முடிப்பார்கள். பிறகு துளையைச் சோதிக்கும் பிளக் கேஜ் என்ற அளவுகோலின் 'கோ' முனை உள்ளே இறங்க வேண்டும், 'நோ-கோ' முனை இறங்கக் கூடாது.

அப்படியே, "வேகத்தைக் கூட்டினால் என்ன அண்ணே?" என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். "டூல் (வெட்டும் கருவி) போயிடும்" என்பார். அவர் கை அறிந்ததை டெய்லரின் சமன்பாடு கணக்காகச் சொல்கிறது: வெட்டு வேகத்தை, டூல் ஆயுளின் n அடுக்கால் பெருக்கினால் வருவது மாறிலி. n என்பது டூல் எதனால் ஆனது என்பதைப் பொறுத்த எண். அதிவேக எஃகு டூலுக்கு n ஏறத்தாழ 0.125. வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் 60 நிமிட ஆயுள் 14 நிமிடமாகச் சுருங்கிவிடும். n 0.25 உள்ள கார்பைட் டூல் என்றால் 29 நிமிடம் தாங்கும். அப்படியானால் எந்த டூலை எந்த வேகத்தில் ஓட்டினால் ஒரு துண்டுக்கு ஆகும் செலவு குறையும்? இந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால், தயங்காமல் இந்தப் படிப்புக்கு வாருங்கள்.

இரண்டாவது, பொறியியல் முதுகலையில் சேர நாடு முழுவதும் நடக்கும் கேட் நுழைவுத் தேர்வு. 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண்கள். மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். இயந்திரவியல் தாள், உற்பத்தி மற்றும் தொழிலகப் பொறியியல் தாள் என இரண்டும் உண்டு. இரண்டாவது தாள் நம் பாடத்துக்கு நெருக்கமானது. ஆனால் நீங்கள் விரும்பும் துறை அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விடையை எண்ணாக எழுதும் கேள்விகளுக்குத் தவறினாலும் மதிப்பெண் குறையாது. அவற்றில் ஒன்றையும் வெறுமனே விடாதீர்கள்.

அடுத்து விண்ணப்பம். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற பொதுக் கலந்தாய்வு இருக்கிறது. ஐ.ஐ.டி.களுக்கு அப்படி இல்லை: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். சி.ஓ.ஏ.பி. தளம், கிடைத்த இடத்தை ஏற்கவோ மறுக்கவோ மட்டுமே. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, அங்கே பதிவு செய்ததையே விண்ணப்பம் என்று நினைத்து இருந்துவிட்டான். நல்ல மதிப்பெண் இருந்தும் ஓர் ஆண்டு வீணாயிற்று. இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா என்ற நுழைவுத் தேர்வும் இருக்கிறது.

இப்போது கல்லூரிக்கு வருவோம். பெயரைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைப் பாருங்கள். திருச்சி என்.ஐ.டி.யில் உற்பத்திப் பொறியியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியிலும் அப்படியே. அங்கே படிக்கும் மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, மூன்று கேள்விகள் கேளுங்கள். ஐந்து அச்சுகளில் நகர்ந்து வெட்டும், கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம் ஓடுகிறதா, உறை போட்டு மூடியிருக்கிறதா? மாணவர் கையால் இயக்க விடுவார்களா? திட்டப்பணிக்கு வெளித் தொழிற்சாலைக்கு அனுப்புவார்களா?

மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், அந்தத் திட்டப்பணிக்காக இரண்டாம் ஆண்டு முழுவதும் எந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்பதைச் சேரும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டறையில் நின்ற அந்த நான்கைந்து நாளில் அது உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.