காம்போவிலிருந்து லேக் மொரீனா வரை: பாலைநில நெடுநடையின் முதல் நாளைக் கடப்பது எப்படி

பசிபிக் கிரெஸ்ட் டிரெய்ல் என்னும் 4,265 கிலோமீட்டர் நடைபாதையைத் தெற்கிலிருந்து தொடங்குபவர்கள், கலிபோர்னியாவின் காம்போ என்ற சிற்றூருக்கு அருகில், மெக்சிகோ எல்லை வேலியை ஒட்டி நிற்கும் மரத்தூண்களிலிருந்து புறப்படுகிறார்கள். அங்கிருந்து லேக் மொரீனா முகாம் சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நடந்து பழகியவருக்கு இது அஞ்சத்தக்க தூரமன்று. ஆயினும் முதல் நாள் மாலையில் பலர் நிலைகுலைந்துபோவதற்கு, முதுகில் சுமக்கும் தண்ணீரும், வெயில் உச்சத்தில் எதிர்ப்படும் கடைசி ஏற்றமும் சேர்ந்துகொள்வதே காரணம்.

இப்பகுதியில் நம்பத்தக்க நீர்நிலை இல்லை. ஏறத்தாழ 25ஆம் கிலோமீட்டரில் வரும் ஹவுசர் ஓடை, வசந்தத்தின் பிற்பகுதியில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் என்பதால், வரைபடத்தில் அதைக் காட்டும் நீலக்கோட்டை நம்பித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே நாளில் கடக்க எண்ணுபவர் 5 முதல் 6 லிட்டர் வரை எடுத்துச் செல்வது நல்லது. அது 6 கிலோ வரை எடை கூட்டும். அந்த எடையை உணவில் ஈடுகட்டலாம். லேக் மொரீனாவுக்கு அப்பால் வரும் மலைச் சிற்றூரான மவுண்ட் லகூனாவில் கடை இருப்பதால் முதல் கட்டத்துக்கு மூன்று நாள் உணவு போதும். பதற்றத்தில் ஒரு வாரத்துக்கு உரியதைப் பையில் திணிப்பவர்கள், அதன் விலையை முதல் நாளிலேயே முழங்காலால் கொடுக்கிறார்கள்.

அனுமதிச் சீட்டில் புறப்படும் தேதி குறிக்கப்பட்டிருப்பதால், குளிர்ந்த நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை, நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பொழுது புலரும்போதே நடக்கத் தொடங்குங்கள். முதல் சில மணி நேரம் பாதை எளிதாகவே இருப்பதால் உற்சாகம் வேகத்தைக் கூட்டும். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால், சட்டை நனைவதைக் கொண்டு வெப்பத்தை அளந்து பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். உடல் நீரை இழந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் தீங்கானது. இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலியும் குமட்டலும் தோன்றி, நிலைமை கடுமையாகலாம். தாகத்துக்கு ஏற்பக் குடித்து, இடையிடையே உப்புள்ள தின்பண்டமோ எலக்ட்ரோலைட் கரைசலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதத்தில் ஓரிடம் சுடுவதுபோலத் தோன்றினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். அடுத்த நிழலில் பார்த்துக்கொள்ளலாம் என்று கடத்திய அரை மணி நேரத்தில் அது கொப்புளமாகிவிடும். காலணியைக் கழற்றி, மணலைத் தட்டி, தோலை உலர்த்திப் பசைநாடா ஒட்டி, வேறு காலுறை மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். வெப்பத்தில் பாதம் வீங்கும் என்பதால் காலணியை அரை அளவு பெரிதாக வாங்கியிருப்பது உதவும்.

இனி ஹவுசர் பள்ளத்தாக்கு. பாதை கீழே இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபுறம் சுமார் 300 மீட்டர் ஏறுகிறது. அதன் பிறகே முகாம். விடியலில் புறப்பட்டவர்கள் பெரும்பாலும் நண்பகலுக்குப் பின், தண்ணீர் குறைந்து கால் தளர்ந்த நிலையில் இங்கே வந்து சேர்கிறார்கள். அந்நேரத்தில் ஏறத் தொடங்காமல், கிடைக்கும் நிழலில் காலணியைக் கழற்றிவிட்டு, மாலை நான்கு மணிக்கு மேல் ஏறுங்கள். இருட்டிவிட்டால் தலைவிளக்கு இருக்கிறது.

என்னைக் கேட்டால், பள்ளத்தாக்கிலேயே இரவு தங்கி மறுநாள் விடியலில் ஏறுவதே மேல். அதற்குக் கூடுதலாக இரண்டு லிட்டராவது சுமக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பதால், முதல் நாளில் சேமிக்கும் உடல்வலு அந்தச் சுமைக்குத் தகும். தீ மூட்டுவது பற்றிய அப்போதைய தடைகளை முன்பே அறிந்துகொள்ளுங்கள். அடுப்பைப் பயன்படுத்தவும் கலிபோர்னியாவில் தனி அனுமதி தேவை.

தலைசுற்றல், குமட்டல், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் நடையை நிறுத்தி, நிழலில் படுத்து, உடலை நனைத்து விசிறுங்கள். உடன் வருபவர் பேச்சு குழறினாலோ அவர் இடம் பொருள் தெரியாமல் நடந்துகொண்டாலோ அது வெப்பத்தாக்கு. அவரைக் குளிர்விப்பதை உடனே தொடங்கி, அவசர உதவிக்கான 911 எண்ணை அழையுங்கள். அலைபேசித் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்று பையின் மேற்புறத்திலேயே இருக்கட்டும்.

லேக் மொரீனாவில் குடிநீர் உண்டு. பசி இல்லாவிட்டாலும் சாப்பிட்டு, கால்களை உயர்த்தி வைத்துச் சற்று நேரம் படுத்திருங்கள். தூங்குவதற்கு முன்பே புட்டிகளை நிரப்பிவிடுங்கள். மவுண்ட் லகூனாவை நோக்கிய அடுத்த ஏற்றத்தையும் விடியலில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.