கிராப்கிராஸ்: மருந்திட்ட மண்ணில் விதை தூவாதீர்கள்

கிராப்கிராஸ் என்பது புல்தரையில் புகுந்து பரவும் ஒரு புல்வகைக் களை. புல்தரை வளர்க்கத் தொடங்கிய பலர், அதைத் தடுக்கும்போது நான் முன்பு செய்த அதே பிழைகளைச் செய்து பணத்தையும் ஒரு பருவத்தையும் இழப்பதைக் கண்ட வருத்தத்தில் இதை எழுதுகிறேன். களையை விதை கட்டுமுன் பிடுங்க வேண்டும், மருந்தை அளவு மீறி இடக் கூடாது என்பனவெல்லாம் எவரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மருந்தும் புல்விதையும் ஒரே பருவத்தில்

இன்றுவரை எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். வசந்தத் தொடக்கத்தில், களை முளைக்கும் முன் இடும் தடுப்பு மருந்தான பெண்டிமெத்தலின் அல்லது புரோடயமினைத் தூவுகிறார்கள். சில வாரங்களில் ஆங்காங்கே தெரியும் வெற்றிடங்களை நிரப்ப அதே மண்ணில் புல்விதையையும் தூவுகிறார்கள். இம்மருந்துகள் களைவிதையைக் கொல்வதில்லை; முளைவிடும் வேரின் நுனியில் உயிரணுக்கள் பிரிவதைத் தடுத்து நாற்றை மடியச் செய்கின்றன. அந்த வேர் களையினுடையதா, நாம் விரும்பி விதைத்த புல்லினுடையதா என்று மருந்துக்குத் தெரியாது.

நானும் அப்படித்தான் விதைத்தேன். நாள்தோறும் நீர் ஊற்றியும் பச்சை தென்படாததால் விதை மட்டமானது என்று முடிவுகட்டி, வேறு விதை வாங்கி மீண்டும் தூவினேன், அதுவும் வரவில்லை. சில மாதங்களில் மருந்தின் வீரியம் குறைந்ததும், நான் ஈரமாகக் காத்து வைத்திருந்த அந்த வெற்று மண்ணை நிறைத்தது கிராப்கிராஸ்தான். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், அவ்விதைகள் மண்ணில் சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒரு பருவத்துப் பிழைக்குப் பல பருவங்கள் உழைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, விதைப்பா தடுப்பா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குளிர்காலப் புல்வகைகளை இலையுதிர்காலத்தில் விதைத்து, அடுத்த வசந்தத்தில் மருந்திடுவது நல்ல முறை. வசந்தத்திலேயே விதைத்தாக வேண்டுமெனில், சில புல்வகைகளுக்கு விதைக்கும்போதே இடத்தக்க மீசோட்ரியோன் என்ற களைமருந்து உண்டு. உங்கள் புல்வகை அதன் பொட்டலத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

தேதி பார்த்து மருந்திடுதல்

மேல்மண்ணின் வெப்பம் சில நாட்கள் தொடர்ந்து சுமார் 13 டிகிரி செல்சியஸில் நின்றால் கிராப்கிராஸ் முளைக்கத் தொடங்கும். மருந்து அதற்கு முன்பே மண்ணில் இருக்க வேண்டும்; ஆகவே தேதியை அல்ல, மண்ணின் வெப்பத்தைப் பாருங்கள். நடைபாதையை ஒட்டிய மண் விரைவில் சூடேறுவதால் முதல் நாற்று பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும்.

மருந்திட்டு நீர் விடாமை

நீர் விட்டால்தான் மருந்து மேல்மண்ணில் இறங்கிப் படியும்.

ஒட்ட வெட்டுதல்

உயரமாக வளரும் புல்வகையை ஏறத்தாழ 7.5 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள், அதன் நிழலே களை நாற்றை ஒடுக்கும்.

தினமும் சிறிது நீர்

வேண்டாம். இடைவெளி விட்டு ஆழமாக நனையுங்கள்.

தூர் கட்டிய பின் தெளித்தல்

முளைத்துவிட்ட களைமேல் தெளிக்கும் குயின்குளோராக் என்ற மருந்து இளஞ்செடியில் நன்கு வேலை செய்யும். தூர் விட, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடத் தொடங்கிய செடி எளிதில் மடியாது.