வேகமான தடம்தானே என்ற மிதப்பு: வைன்கிளாஸ் மாரத்தானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், பென்சில்வேனியா எல்லைக்குக் கொஞ்சம் மேலே, பாத் என்ற சின்ன ஊரில் தொடங்கி கார்னிங் நகரின் மார்க்கெட் தெருவில் முடிகிறது வைன்கிளாஸ் மாரத்தான். 1982-லிருந்து நடக்கிறது, இப்போதெல்லாம் அக்டோபர் தொடக்கத்து ஞாயிறு. கார்னிங் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன ஊர், பக்கத்திலேயே ஃபிங்கர் லேக்ஸ் திராட்சைத் தோட்டங்கள், எனவே பெயருக்குக் காரணம் கேட்கவே வேண்டாம். முடிப்பவர்களுக்குக் கழுத்தில் விழும் பதக்கமும் கண்ணாடிதான். நியூயார்க் நகர மாரத்தானில் 50,000 பேருக்கு மேல் ஓடுகிறார்கள், இங்கே முழுத் தூரம் ஓடுபவர்கள் சில ஆயிரத்தைத் தாண்டுவதில்லை. பாஸ்டன் மாரத்தானில் இடம் பிடிக்கத் தேவையான தகுதி நேரத்தைத் தேடும் நியூஜெர்சித் தமிழர்கள் பலரும் "ஃப்ளாட் கோர்ஸ், இறக்கம் வேற, கூட்டமும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு இதில் பெயர் கொடுப்பதற்கு அதுதான் காரணம். மூன்றும் உண்மை. ஆனால் பந்தயம் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த மூன்றாலேயே.

முதலில் இறக்கம். பாத் ஏறத்தாழ 335 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கார்னிங் 285-ஐ ஒட்டி. 42 கிலோமீட்டருக்கு 50 மீட்டர் சொச்சம், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரும் கொஞ்சமும். காலுக்குத் தெரியவே தெரியாது. பாஸ்டன் தடமே சுமார் 140 மீட்டர் இறங்குகிறது, அப்படியும் அங்கே யாரும் அதைச் சுலபமான தடம் என்று சொல்வதில்லை. நடுநடுவே சின்னச் சின்ன ஏற்றங்களும் வரும், 'நெட் டவுன்ஹில்', அதாவது மொத்தக் கணக்கில் இறக்கம், என்றால் கடைசிவரை இறங்கிக்கொண்டே போகலாம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த இறக்கம் நம்மை இரண்டு நிமிடம் முன்னால் தள்ளிவிடும் என்று கணக்குப் போட்டு இலக்கை மாற்றுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் தவறு தொடங்குகிறது. பயிற்சி காட்டிய நேரத்தைத்தான் இலக்காக வைக்க வேண்டும், தடத்தின் பெயரில் தள்ளுபடி கேட்கக் கூடாது.

சமதளத்துக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. மேடு பள்ளம் இருக்கும் தடத்தில் ஏறும்போது ஒரு தசை, இறங்கும்போது இன்னொன்று என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும். இங்கே அப்படி மாற வழியில்லை, ஒரே தசை ஒரே அசைவை மூன்று நான்கு மணி நேரம் செய்யும், 30 கிலோமீட்டர் வாக்கில் தொடையின் பின்பக்கமும் கெண்டைக்காலும் இழுக்க ஆரம்பிக்கும். மேட்டில் ஓடிப் பழகினால் தட்டையில் சும்மா ஓடிவிடலாம் என்று நினைத்து நீண்ட ஓட்டங்களை எல்லாம் மேட்டுப் பகுதியிலேயே முடித்துவிட்டு வருபவர்கள் இதில் மாட்டுகிறார்கள். நியூஜெர்சியின் டெலவேர் ராரிட்டன் கால்வாய்க் கரை, பிலடெல்ஃபியாவின் ஸ்கூல்கில் ஆற்றுப் பாதை மாதிரி இடங்களில் நான்கைந்து நீண்ட ஓட்டமாவது போக வேண்டும், அதிலும் கடைசி 12 கிலோமீட்டரைப் பந்தய வேகத்தில். அலுப்பாகத்தான் இருக்கும். பந்தயமும் அப்படித்தான் இருக்கப் போகிறது.

இனி முந்தைய நாள். நம்மவர்கள் இதைத் தனி ஓட்டமாக எடுத்துக்கொள்வதில்லை, குடும்பத்தோடு ஒரு சுற்றுலாவாகத்தான் கிளம்புகிறோம். கார்னிங்கிலிருந்து அரை மணி நேரத்தில் வாட்கின்ஸ் கிளென், 19 அருவிகள், 832 கல்படிகள். "இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பார்க்காம போறதா?" என்று வீட்டில் கேட்பார்கள், நியாயமான கேள்விதான், சனிக்கிழமை மட்டும் வேண்டாம். ஈரப் படிகளில் ஏறி இறங்கிய தொடை ஞாயிறு மதியம் அதைச் சொல்லிக் காட்டும். கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகமும் அதே கதை, சிமெண்டுத் தரையில் மூன்று மணி நேரம் மெல்ல நடப்பது ஓட்டத்தைவிட அலுப்பு. நம்பர் பிப்பை வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்க் காலை நீட்டிப் படுங்கள், அருவிக்குக் குடும்பத்தார் போய்வரட்டும். அறையைக்கூட முன்பே பிடித்துவிட வேண்டும். கார்னிங் பத்தாயிரம் பேர் வாழும் ஊர், ஹோட்டல்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், தாமதித்தால் எல்மைரா பக்கம் போய்த் தங்கி விடியற்காலை இருட்டில் கார் ஓட்டி வர வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில் இத்தாலிய உணவகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாஸ்தாதான் சாப்பிட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? வெள்ளைச் சோறு, இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் எல்லாமே சுலபமாகச் செரிக்கிற மாவுச்சத்து, வயிறும் பழகியது. ஒரு சின்ன ரைஸ் குக்கரைக் காரில் போட்டுக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தவிர்க்க வேண்டியவை சுண்டல், பயறு, கீரைக்கூட்டு மாதிரி நார்ச்சத்து மிகுந்தவை, அப்புறம் நெய் மிதக்கும் பொங்கல், காரமான பிரியாணி. இன்னொன்று, ஒரே ராத்திரியில் மூக்குமுட்டச் சாப்பிட்டால் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, நிரம்பாது, தூக்கம்தான் கெடும். கடைசி இரண்டு நாளும் உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து என்று பிரித்துச் சாப்பிட வேண்டும். 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 560 கிராமுக்குக் குறையாமல் வரும். சமைத்த சோறு நூறு கிராமில் மாவுச்சத்து 28 கிராம்தான் என்பதால், சோற்றை மட்டும் நம்பினால் தினம் இரண்டு கிலோ தின்ன வேண்டும், அது முடியாத காரியம். பழச்சாறு, தேன், ரொட்டி என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பந்தயக் காலையில் தொடக்க இடத்துக்குப் பேருந்தில் போகிறோம், ஏனென்றால் தொடங்கும் ஊர் ஒன்று, முடியும் ஊர் இன்னொன்று. கடைசிப் பேருந்துக்குக் காத்திருப்பது முட்டாள்தனம், கூட்டம் குறைவு என்றாலும் வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கழிப்பறை வரிசையில்தான் நிற்பார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பதால் அக்டோபர் காலையில் மூடுபனி அடிக்கடி இறங்கும், வெயில் ஏறிய பிறகுதான் விலகும், வெப்பம் 5 டிகிரியாகவும் இருக்கலாம், 15 ஆகவும் இருக்கலாம். குளிர் என்றாலே நமக்குக் கொஞ்சம் பயம்தான், அதிலும் சென்னையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் ஓடுபவர்கள் ஸ்வெட்டர், ஜாக்கெட் என்று நான்கு அடுக்கு போட்டுக்கொண்டு நிற்பார்கள், மூன்றாவது கிலோமீட்டரில் வியர்த்து ஊற்றி எல்லாவற்றையும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடை. தூக்கிப்போட மனம் வரும் பழைய ஸ்வெட்டர் ஒன்றை மேலே போட்டுக்கொண்டு, தொடங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கையுறையை மட்டும் விட்டுவிடாதீர்கள், விரைத்த விரலால் ஜெல் (ஓடும்போது சாப்பிடும் இனிப்புக் கூழ்) பாக்கெட்டைக் கிழிக்க முடியாது.

அடுத்தது வேகம். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பெரிய நகரப் பந்தயங்களில் தொடக்கத்தில் கூட்டமே பிரேக் போட்டுவிடும், முதல் இரண்டு கிலோமீட்டர் முழங்கை இடித்துக்கொண்டுதான் ஓட முடியும். இங்கே துப்பாக்கி வெடித்த சில விநாடிகளில் திறந்த சாலை. உடம்பில் ஓய்வெடுத்த சுறுசுறுப்பு, குளிர்ந்த காற்று, தடுக்க ஆளில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி வேகமாக ஓடுவது தெரியவே தெரியாது. "முன்னாலேயே நேரத்தைச் சேர்த்து வைச்சுக்கலாம்" என்கிறார்கள். பத்து கிலோமீட்டரில் சேர்த்தது நூறு விநாடி, 32-க்குப் பிறகு கால் கனத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் போனால் அந்த நூறு விநாடி இரண்டு கிலோமீட்டருக்குக்கூடத் தாங்காது. முதல் ஐந்து கிலோமீட்டரை இலக்கைவிடக் கிலோமீட்டருக்கு மூன்று நான்கு விநாடி மெதுவாக ஓடுங்கள். யார் முந்திப் போனாலும் போகட்டும், பலரை வழியில் வரும் சவோனா, கேம்ப்பெல் ஊர்களைத் தாண்டியதும் சந்திப்பீர்கள்.

வாட்ச்சை அப்படியே நம்புவதும் இதோடு சேர்ந்த தவறு. தடத்தை அளப்பவர்கள் வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, ஓட முடிந்த மிகக் குறுகிய வழியை அளக்கிறார்கள். நாம் வளைவில் அகலமாகப் போகிறோம், ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் தடுமாறும், முடிவுக்கோட்டில் வாட்ச் 42.5, 42.6 என்று காட்டும். 3 மணி 30 நிமிடத்துக்கு ஓடுபவருக்கு உண்மையில் வேண்டியது கிலோமீட்டருக்கு 4:58, ஆனால் வாட்ச் 42.6 காட்டும் நாளில் அதில் 4:55 தெரிந்தால்தான் இலக்கு கைக்கு வரும். மூன்று விநாடிதானே என்று விட்டால் கடைசியில் இரண்டு நிமிடம் போயிருக்கும். இதற்கு வழி, வாட்ச் தானாகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நேரம் குறிக்கும் தானியங்கி லாப்பை அணைத்துவிட்டு, சாலையோர மைல் பலகை வரும்போதெல்லாம் கையால் அழுத்துவது. ஆமாம், மைல் பலகை. அமெரிக்காவில் ஓடுகிறோம், கிலோமீட்டரில் பழகியவர்கள் 26 மைலுக்கும் ஸ்பிளிட் கணக்கை (எந்த மைலில் எவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பதை) ஒரு பட்டையில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். 3:30-க்கு மைலுக்கு எட்டு நிமிடம், அது மனப்பாடம். 3:05-க்கு 7:03, அதைச் சோர்ந்த மூளையால் 19-ஆம் மைலில் பெருக்கிப் பார்க்க முடியாது.

கூட்டம் குறைவு என்பதை எல்லாரும் வசதியாகவே பார்க்கிறார்கள். பாதிதான் வசதி. தடத்தின் பெரும்பகுதி 415-ஆம் எண் மாநிலச் சாலையை ஒட்டி, கோஹாக்டன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் போகிறது. மலையும் நிறம் மாறும் மரங்களும் சோளக் கொல்லைகளும் அழகு, அதில் சந்தேகமில்லை, ஆனால் ஆறு எப்போதும் கண்ணெதிரே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பல இடங்களில் மரங்களுக்கு அப்பால் மறைந்துகொள்ளும். பெயின்டெட் போஸ்ட்டில் டயோகா ஆறு வந்து சேர்ந்து ஷெமங் என்று பெயர் மாறுகிறது, அந்த ஷெமங்கின் பாலத்தைத் தாண்டினால் மார்க்கெட் தெரு. இடையில் நீண்ட தூரத்துக்குக் கைதட்டும் கூட்டம் கிடையாது, முன்னால் ஐம்பது மீட்டரில் ஒருவர், பின்னால் காலடிச் சத்தம், அவ்வளவுதான். ஞாயிறு தோறும் வாட்ஸ்அப் குழுவோடு பேசிச் சிரித்து ஓடியே பழகியவர்களுக்கு இந்தத் தனிமை பெரிய அடி, வேகம் குறைவதே தெரியாமல் குறையும். பயிற்சியில் மாதம் இரண்டு நீண்ட ஓட்டமாவது தனியாக, காதில் பாட்டு இல்லாமல் ஓடிப் பார்க்க வேண்டும்.

பந்தயத்திலும் முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் உங்கள் வேகத்தில் ஓடும் நான்கைந்து பேரைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்வது நல்லது. எதிர்காற்று அடித்தால் பள்ளத்தாக்கில் ஒதுங்க இடமில்லை. 2019-இல் வியன்னாவில் கென்ய வீரர் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40-இல் ஓடியபோது 41 பேர் முறைபோட்டுக் காற்றை மறைத்தார்கள், நமக்கு ஒருவர் முதுகு கிடைத்தாலே போதும். அதற்காக உங்களைவிடக் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி வேகமான குழுவைப் பிடிக்க ஓடாதீர்கள், துணைக்குத் துணை வேண்டும் என்று பந்தயத்தையே பலிகொடுத்த கதைதான் ஆகும்.

ஓடும்போது சாப்பிடுவதிலும் இதே தனிமை விளையாடும். உடம்பில் சேமித்திருக்கும் கிளைகோஜன் ஏறத்தாழ 2,000 கலோரி, 70 கிலோ ஆள் 42 கிலோமீட்டர் ஓடச் செலவாவது 2,900-ஐத் தாண்டும். கொழுப்பு கொஞ்சம் கைகொடுக்கும், மீதியை வாய்வழியாகத்தான் தர வேண்டும், மணிக்கு 60 கிராம் வரை. ஒரு ஜெல்லில் 22 முதல் 25 கிராம், அப்படியென்றால் 25 நிமிடத்துக்கு ஒன்று. பசித்த பிறகு எடுக்கலாம், களைத்த பிறகு எடுக்கலாம் என்று தள்ளிப்போடுவார்கள், களைப்பு வந்துவிட்டால் வயிறு வாங்காது. வேண்டியதை எல்லாம் இடுப்புப் பட்டையில் நீங்களே கொண்டுபோங்கள், வழியில் கொடுப்பதை வயிறு ஏற்குமா என்று பந்தயத்தன்றா பரிசோதிப்பது? தண்ணீர் விஷயத்தில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. குளிரில் வியர்வை குறைவு, ஆனாலும் பயத்தில் எல்லா நிலையத்திலும் இரண்டு கோப்பை குடிக்கிறார்கள், அதிலும் மெதுவாக ஓடுபவர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது, முக்கியக் காரணம் அளவுக்கு மீறிக் குடித்தது. தாகம் எடுத்தால் குடியுங்கள், அதுவே போதும்.

முடித்த கையோடு காரை எடுத்துக்கொண்டு நான்கு மணி நேரம் நியூஜெர்சிக்கு ஓட்டுவதும் நிறையப் பேர் செய்வது. 86-ஆம் நெடுஞ்சாலையில் பிரேக்கை மிதிக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வேறொருவர் ஓட்டட்டும், மணிக்கொரு முறை இறங்கி நடங்கள், முடிந்தால் திங்கள் விடுப்பு போட்டுவிடுங்கள்.

கடைசியாக பாஸ்டன் கணக்கு, இதில் குழம்பாதவர்கள் குறைவு. பாஸ்டனுக்கான பதிவு செப்டம்பரில் முடிந்துவிடும், வைன்கிளாஸ் அக்டோபரில். அதனால் 2025 அக்டோபரில் ஓடிய நேரம் 2026 ஏப்ரலுக்குச் செல்லாது, 2027-க்குத்தான். தகுதி நேரமும் 2026-லிருந்து 60 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐந்து நிமிடம் இறுகிவிட்டது, 40 முதல் 44 வயது ஆணுக்கு 3:05, பெண்ணுக்கு 3:35. அதைத் தொட்டாலும் இடம் உறுதியில்லை, 2026-க்கு விண்ணப்பித்தவர்களில் தகுதி நேரத்தைவிட 4 நிமிடம் 34 விநாடியாவது வேகமாக ஓடியவர்களுக்குத்தான் கிடைத்தது. 2027-லிருந்து 1,500 முதல் 2,999 அடி வரை இறங்கும் தடங்களுக்கு நேரத்தில் ஐந்து நிமிடம் கூட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வைன்கிளாஸும் அதில் வருமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. இதன் இறக்கம் 200 அடிகூட இல்லை, கவலையே வேண்டாம். 3:04:50 ஓடிவிட்டு பாஸ்டன் விமான டிக்கெட் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.