1943 அமெரிக்க ரேஷன் கணக்குல ஒரு வாரம் வீட்டை ஓட்டிப் பாக்கணுமா, இப்படி பண்ணுங்க

ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்க வீடுகள்ல ரேஷன் இருந்துச்சுன்னு படிக்கிறது வேற, அதே கணக்குல ஒரு வாரம் நாமளே அடுப்பு மூட்டிப் பாக்குறது வேற. நான் செஞ்சு பாத்துட்டேன், அதுக்கப்புறம்தான் அந்தக் காலத்து அம்மாக்கள் மேல எனக்கு மரியாதை எக்கச்சக்கமா கூடிடுச்சு.

முதல்ல ஒரு தேதிய முடிவு பண்ணிக்கோங்க. நான் சொல்றது 1943 ஏப்ரல். ஏன்னா சர்க்கரைக்கு 1942 மே மாசமே ரேஷன் வந்தாச்சு, காபிக்கு அதே வருஷம் நவம்பர் கடைசில, டப்பால அடைச்ச காய் பழத்துக்கு 1943 மார்ச் 1, கறி, வெண்ணெய், சீஸுக்கு மார்ச் 29, ஆக ஏப்ரல்ல எல்லாமே ஒண்ணா அமல்ல இருக்கு.

அடுத்து ஸ்டாம்ப், அதாவது ரேஷன் புத்தகத்துல இருந்து கிழிச்சுக் குடுக்கிற சீட்டு, அதுமேல இருக்கிற எண்தான் பாயின்ட். பேப்பர்ல வெட்டி 8, 5, 2, 1னு எண் போட்டுக்கோங்க, நிஜ ஸ்டாம்ப்லயும் இதே எண்கள்தான். தலைக்கு மாசத்துக்கு 48 நீல பாயின்ட், அது டப்பா சாமானுக்கு, வாரத்துக்கு 16 சிவப்பு பாயின்ட், அது கறி, வெண்ணெய், கொழுப்பு, சீஸுக்கு. இங்கதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க, ஸ்டாம்ப் குடுத்தா சாமான் சும்மா வராது, காசும் குடுக்கணும் ஸ்டாம்பும் குடுக்கணும், கையில எவ்வளவு டாலர் இருந்தாலும் பாயின்ட் தீந்தா தீந்ததுதான். ஸ்டாம்ப கடைக்காரர் முன்னாடிதான் புத்தகத்துல இருந்து கிழிக்கணும், முன்னாடியே கிழிச்சு எடுத்துட்டுப் போனா செல்லாது. பாக்கி சில்லறை குடுக்க சிவப்பு நீலத்துல குட்டி டோக்கன் வந்தது 1944லதான், அதனால நீங்க கணக்கா செலவு பண்ணிப் பழகுங்க.

ரெண்டு பேர் இருக்கிற வீடுன்னா வாரத்துக்கு 32 சிவப்பு பாயின்ட். ஒரு பவுண்ட் வெண்ணெய் ஆரம்பத்துல 8 பாயின்ட், அத வாங்கினாலே கால்வாசி போச்சு, அதே வருஷம் அது 16 ஆயிடுச்சுன்னா யோசிச்சுப் பாருங்க. அதனால ஞாயித்துக்கிழமையே உக்காந்து வாரம் முழுக்க என்ன சமைக்கிறதுன்னு எழுதிடுங்க, முட்டை, கோழி, பச்சை மீன், பச்சைக் காய்கறி, பால், இதுக்கெல்லாம் ஸ்டாம்ப் கிடையாது, வாரத்தோட பாரத்த அதுமேல ஏத்துங்க.

சர்க்கரை தலைக்கு வாரத்துக்கு அரை பவுண்ட், சுமார் 225 கிராம். ஆளுக்கொரு பாட்டில்ல அளந்து போட்டு பேர் எழுதி வச்சுடுங்க, பொதுவா ஒரே டப்பால வச்சா யாரு எடுத்தாங்கன்னு தினம் சண்டைதான், கேக்கு பண்ணணும்னா எல்லார் பாட்டில்ல இருந்தும் ரெண்டு ரெண்டு ஸ்பூன் வாங்கணும். பிலிப்பைன்ஸ் ஜப்பான் கைக்குப் போனதுல அங்கேர்ந்து வர்ற சர்க்கரை நின்னுபோச்சு, கப்பல்களும் போருக்குப் போயிடுச்சு, அதான் இந்த இறுக்கம்.

இப்ப வெண்ணெய். அரை பவுண்ட ஒரு பவுண்ட் ஆக்குற வித்தை இது, அப்ப நிறைய வீட்ல பண்ணுனாங்க. ஒரு கப் பால்ல ரெண்டு மூணு ஸ்பூன் மட்டும் குளிர்ச்சியா தனியா எடுத்து அதுமேல ஒண்ணேகால் டீஸ்பூன் ஜெலட்டின் தூவி அஞ்சு நிமிஷம் ஊற விடுங்க, கிண்ணத்த வெந்நீர்ல வச்சு கரைச்சு மீதிப் பால்ல கலந்துடுங்க, அந்தப் பால் சில்லுனு இருக்கக் கூடாது. வெண்ணெய் விரல் வச்சா அமுங்கணும், ஆனா உருகக் கூடாது. பால கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அடிச்சுட்டே இருங்க, நடுவுல திரிஞ்ச மாதிரி தண்ணி பிரிஞ்சு நிக்கும், பயப்படாதீங்க, கை விடாம அடிச்சா சேந்துக்கும். உப்பு போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. ரொட்டில தடவ மட்டும்தான், வாணலில போட்டா படபடன்னு தெறிக்கும்.

கறி வறுத்து மிஞ்சுன கொழுப்பையும் கொட்டாதீங்க. ஒரு வாய் அகலமான தகர டப்பால வடிகட்டி குளுமையா வைங்க, சமையலுக்கு ஆகுற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுத்துக்கோங்க. அதுக்கப்புறம் அப்ப என்ன பண்ணுனாங்கன்னா ஒரு பவுண்ட் சேந்ததும் கறிக்கடையிலயே குடுத்துடுவாங்க, அதுல இருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்துக்குப் போகும், கடைக்காரர் காசு தருவார், பின்னாடி கூடவே சிவப்பு பாயின்ட்டும் தர ஆரம்பிச்சாங்க.

தோட்டம் போட்டு காய பாட்டில்ல அடைக்கிறது அப்ப பெரிய வேலை, அத செய்யணும்னா ஒரே ஒரு விஷயம், பீன்ஸ் மாதிரி புளிப்பில்லாத காய்கள வெறும் கொதிதண்ணில வச்சு அடைக்கவே அடைக்காதீங்க, அழுத்தத்துல சூடு ஏத்தி அடைக்கிற பாத்திரமான பிரஷர் கேனர்தான் வேணும், பழைய கையேட்டு நேரக் கணக்க நம்பாம இப்ப சோதிச்ச கணக்கையே பாருங்க, போட்டுலிசம்ங்கிற உணவு விஷம் வந்தா உயிருக்கே ஆபத்து.

கடைசியா எனக்கு ரொம்பப் பிடிச்சது, நைஞ்ச சட்டைக் காலரத் திருப்பித் தைக்கிறது. கழுத்துல உரசுற மடிப்பு மட்டும்தான் நைஞ்சிருக்கும், சட்டை நல்லாவே இருக்கும். காலர் கீழ இருக்கிற பட்டியோட சேர்ற இடத்துல மட்டும் தையல பிரிங்க, பட்டிய சட்டைல இருந்து பிரிக்கவே வேணாம். பிரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் சரியா நடுவுல ஒரு ஊசி குத்தி அடையாளம் வச்சுக்கோங்க, இத மறந்தா காலர் ஒரு பக்கம் இழுத்துக்கும். வெளிய எடுத்து நூல் பிசிறெல்லாம் தட்டி, நைஞ்ச இடத்துல பின்னாடி மெல்லிசா ஒரு துணி வச்சு குறுக்கும் நெடுக்குமா தைச்சு, இப்ப கீழ்ப்பக்கம் மேல வர்ற மாதிரி திருப்பி அதே பட்டிக்குள்ள சொருகி, நடு அடையாளத்த சேத்து, முதல்ல கையால ஓட்டுத் தையல் போட்டு, அப்புறம் பழைய ஊசி ஓட்டை மேலயே மெஷின் ஓட்டுங்க. காலர் நுனி விறைப்பா நிக்க மெல்லிசான தகடு சொருகுற குட்டிப் பை சில சட்டைல அடிப்பக்கம் இருக்கும், திருப்புனா அது மேல தெரியும், அந்த மாதிரி சட்டைய மட்டும் எடுக்காதீங்க.