செகண்ட் லைஃபில் ஒரு விளக்கு செய்து விற்கலாம் வாங்க

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் பொருள் விற்க சொந்த நிலம் வேண்டாம், கட்டணக் கணக்கும் வேண்டாம். தொட்டால் எரிந்து, மறுபடி தொட்டால் அணையும் ஒரு விளக்கு போதும். ஸ்கிரிப்ட், அதாவது பொருளை இயக்கும் சின்ன நிரல் என்றதும் பலர் மிரள்கிறார்கள். அது பத்துப் பன்னிரண்டு வரிதான். புதியவர்களைக் கவிழ்ப்பது அனுமதிகள், அதாவது பர்மிஷன். அங்கேதான் நிதானமாகப் போகவேண்டும்.

1. உருவம்

பொருள் செய்ய அனுமதிக்கும் ஏதாவது ஒரு சாண்ட்பாக்ஸுக்குப் போங்கள். கன்ட்ரோல்-பி அழுத்தி, உருளையைத் தேர்ந்தெடுத்து, தரையில் சொடுக்கினால் ஒரு ப்ரிம், அதாவது அடிப்படை வடிவம் முளைக்கும். ஆப்ஜெக்ட் பகுதியில் அளவை மாற்றி ஒல்லியாக்குங்கள். சாண்ட்பாக்ஸில் சில மணி நேரத்தில் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காணோமே என்று பதறவேண்டாம், இன்வென்டரியில், அதாவது உங்கள் பொருள்களின் பட்டியலில், லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் கிடக்கும்.

2. ஸ்கிரிப்ட்

கன்டென்ட்ஸ் பகுதியில் நியூ ஸ்கிரிப்ட். திறந்தால் ஏற்கெனவே சில வரிகள் இருக்கும்: ஆரம்பத்தில் 'ஹலோ, அவதார்!' என்றும், தொட்டால் 'டச்ட்' என்றும் சொல்லும். இரண்டையும் அழித்துவிடுங்கள். பேசவைக்கும் கட்டளையான எல்எல்சே (llSay) 0 என்ற சேனலில் பேசினால் 20 மீட்டருக்குள் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். காசு கொடுத்து வாங்கிய விளக்கு தொடும்போதெல்லாம் 'டச்ட்' என்று கத்தினால், செய்தவர் புதுசு என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஸ்கிரிப்டின் உச்சியில் 'ஆன்' (on) என்று ஓர் இன்டிஜர், அதாவது முழு எண் மாறி வைத்து, ஃபால்ஸ் (FALSE) என்று தொடங்குங்கள். தொட்டதும் ஓடும் டச்_ஸ்டார்ட் (touch_start) பகுதிக்குள் இரண்டே வேலை. ஒன்று, 'ஆன் = !ஆன்;' என்று நிலையைப் புரட்டுவது. இரண்டாவது, எல்எல்செட்பிரிமிட்டிவ்பாரம்ஸில் (llSetPrimitiveParams) ஒளிக்கான ப்ரிம்_பாயின்ட்_லைட் (PRIM_POINT_LIGHT) கொடுப்பது. அதற்குப் பின்னால் வரிசையாக ஆன், நிறம், பிரகாசம், ஆரம், மங்கல் அளவு. இளமஞ்சளுக்கு நிறம் 1.0, 0.85, 0.6, பிரகாசம் 1.0, ஆரம் 8.0, மங்கல் 0.75 என்று வையுங்கள். சேவ் செய்யும்போது பிழை காட்டினால் முதலில் அரைப்புள்ளியைத் தேடுங்கள், பெரும்பாலும் அதுதான் விட்டுப்போயிருக்கும்.

வழியில் போகிறவர் எல்லாம் தொட்டு அணைக்கக்கூடாது என்றால், தொட்டவரின் அடையாளம் தரும் எல்எல்டிடெக்டட்கீயும் (llDetectedKey) உரிமையாளரின் அடையாளம் தரும் எல்எல்கெட்ஓனரும் (llGetOwner) ஒன்றா என்று ஒரு இஃப் போட்டால் போதும்.

3. அனுமதி

அடுத்த உரிமையாளருக்கு மூன்று பெட்டிகள்: மாடிஃபை (மாற்றலாம்), காப்பி (நகலெடுக்கலாம்), டிரான்ஸ்ஃபர் (பிறருக்குக் கொடுக்கலாம்). காப்பியும் டிரான்ஸ்ஃபரும் சேர்த்துக் கொடுத்தால், வாங்கியவர் உங்கள் விளக்கை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கலாம். வீட்டுச் சாமானுக்குக் காப்பி மட்டும், பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு டிரான்ஸ்ஃபர் மட்டும் என்பது அங்கே வழக்கம். அளவை மாற்றிக்கொள்ள மாடிஃபையும் கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும்.

விளக்குக்குப் பெட்டிகளை டிக் செய்துவிட்டு, உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டை நான் மறந்துவிட்டேன். ஸ்கிரிப்டுக்குத் தனி அனுமதி உண்டு. அது காப்பி இல்லாமல் இருந்தால் விளக்கும் இன்வென்டரியில் காப்பி இல்லாததாகவே நடந்துகொள்ளும். 'காப்பி என்று போட்டிருந்தீர்களே' என்று வாங்கியவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. ஸ்கிரிப்டுக்குக் காப்பி கொடுங்கள், மாடிஃபை வேண்டாம். இரண்டும் கொடுத்தால் உள்ளே திறந்து படித்துவிடலாம்.

செய்தவர் கண்ணுக்கு எல்லாம் திறந்தேதான் இருக்கும். ஆகவே இன்னொரு கணக்கு தொடங்கி, அதற்கு ஒரு விளக்கைக் கொடுத்துப் பாருங்கள். நகல் எடுக்க முடிகிறதா, ஸ்கிரிப்ட் திறக்காமல் இருக்கிறதா, தொட்டால் எரிகிறதா?

4. விற்பனை

கடையில் நேரடியாக வைத்தால் ஜெனரல் பகுதியில் ஃபார் சேல். அதில் 'காப்பி' என்று தேர்ந்தெடுங்கள். 'ஒரிஜினல்' என்றால் முதல் ஆள் வாங்கியதும் அந்த விளக்கே அவருடையதாகிவிடும். கடை இல்லையென்றால் செகண்ட் லைஃபின் இணையச் சந்தையான மார்க்கெட்பிளேஸ் தளத்தில் வணிகராகப் பதிந்து, வியூவரின் (செகண்ட் லைஃபுக்குள் போகும் மென்பொருளின்) மார்க்கெட்பிளேஸ் லிஸ்டிங்ஸ் சாளரத்துக்குள் விளக்கை இழுத்துப் போடுங்கள். கமிஷன் 10 சதவீதம். செகண்ட் லைஃபின் பணமான லிண்டன் டாலரில் 50-க்கு விற்றால் கையில் 45. ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் படம். வேர்ல்ட் மெனுவில் நடுராத்திரிக்கு மாற்றிவிட்டு எடுங்கள். பட்டப்பகலில் எடுத்தால் விளக்கு எரிவதே தெரியாது.