பேக்கரி டீயும் நிக்கோட்டின் சூயிங்கமும்

கோவைப் பக்கம் காலேஜ் பசங்களுக்கு தம் ஒட்டிக்கிற இடம் பெரும்பாலும் பேக்கரிதானுங்க. அந்தப் பழக்கத்தை நிறுத்த எனக்குக் கைகொடுத்தது நிக்கோட்டின் சூயிங்கம். எழுந்த 30 நிமிடத்துக்குள் சிகரெட் தேடுகிறவர்களுக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி.; டாக்டரைக் கேட்டு வாங்குங்க.

சாதா பபுள்கம் மாதிரி விடாமல் மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். மெதுவாக மெல்லணும், காரம் சுள்ளென்று ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கி, அடங்கினதும் மறுபடி மெல்லணும். அரை மணி நேரம் போதும்.

பலருக்கு இது பலிக்காமல் போவதே டீ, காபியால்தான். அவற்றின் அமிலத்தன்மை வாய்வழியே நிக்கோட்டின் ஏறுவதைத் தடுக்கும். குடித்து 15 நிமிடம் கழித்தே போடணும். முதல் 3 நாள் தவிப்பு கடுமை. அப்போது பேக்கரிப் பக்கமே போகாதீங்க தம்பி. பேச ஆள் வேணும்னா புகையிலையை நிறுத்த உதவும் தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை.