ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பிள்ளைகளோடு கற்கும் முறை

பாலர் பள்ளிகளில் இலையுதிர் காலம் என்ற தலைப்பில் கொடுக்கப்படும் வண்ணம் தீட்டும் தாள்களில் பெரும்பாலும் மேப்பிள் இலையும் பூசணிக்காயும்தான் இருக்கின்றன. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளை மேப்பிள் மரத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதே பிள்ளையின் வீட்டுக்குப் பின்னால், தை மாதக் கடைசியிலிருந்து மாசி முழுவதும், ரப்பர் மரங்கள் மஞ்சளும் செம்மையுமாக நிறம் மாறி, இலைகளைக் கொட்டிவிட்டு வெறுங்கிளையோடு நிற்கின்றன. குளிர் நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பகல் குறுகிக் குளிர் ஏறுவதால் இலை உதிர்கிறது. நம் தோட்டங்களில் மழை குறைந்து வெயில் ஏறும் வாரங்களில் மரம் தன்னிடமுள்ள நீரைக் காத்துக்கொள்ள இலையை விடுகிறது. காரணம் வேறாயினும், பிள்ளை கண்ணால் கண்டு கையால் தொட்டுக் கற்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் வட்டாரத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளோடு பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் சேர்ந்து செய்யக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நிரையின் ஓரத்தில் நிற்கும் மரமாக இருந்தால் நல்லது. தோட்டத்துக்குச் சொந்தமான மரமென்றால் தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அதில் ஒரு வண்ணத் துணியைத் தளர்வாகக் கட்டிப் பிள்ளையின் பெயரால் அழையுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலை எட்டு மணி வாக்கில் அங்கே போய், பிள்ளையை அடிமரத்தருகே நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் வாரம் இலைக்கூட்டம் வானத்தை மறைத்திருக்கும். மூன்றாம் நான்காம் வாரத்தில் நீலம் நீலமாகத் தெரியும். அதன்பின் கிளை நுனிகளில் செம்பு நிறத் தளிர்கள் தலைகுனிந்து தொங்கத் தொடங்கும். வீடு திரும்பியதும் பார்த்ததை ஒரு தாளில் வரையச் சொல்லி, தேதியிட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். ஏழெட்டுத் தாள்கள் சேர்ந்ததும், காலம் நகர்வதை நான்கு வயதுப் பிள்ளைகூடத் தன் விரலாலேயே தொட்டுக் காட்டிவிடும்.

இந்தச் சில வாரங்கள் தமிழ்ச் சொற்களைக் கற்பிக்கவும் ஏற்றவை. இலையின் வயதுக்கேற்ப நம் மொழி துளிர், தளிர், கொழுந்து, இலை, பழுப்பு, சருகு என்று வெவ்வேறு பெயர்களை வைத்திருக்கிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் இவற்றைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு வெறும் ஒலியாகத்தான் நிற்கும். இப்போதோ பழுப்பும் சருகும் காலடியிலேயே கிடக்கின்றன. துளிரும் தளிரும் சில வாரங்களில் வந்துவிடுகின்றன. தரையில் பாய் விரித்து, பொறுக்கிய இலைகளைப் பச்சையிலிருந்து காய்ந்தது வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். சருகை உள்ளங்கையில் வைத்து நொறுக்கி அதன் ஒலியைக் கேட்கட்டும். அன்று காலை விழுந்த பழுப்பை மடித்துப் பார்க்கட்டும், அது எளிதில் நொறுங்காது. இரண்டும் ஒரே மரத்து இலைதான், நடுவே ஈரம் போயிருக்கிறது என்பதைப் பிள்ளையே சொல்லும்வரை காத்திருங்கள். முந்திக்கொண்டு நாம் விடை சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எண்ணுவதற்கும் ரப்பர் மரம் உதவும். ஒரு காம்பில் மூன்று இலைகள் இருக்கும். காயிலும் மூன்று அறைகளும் மூன்று கொட்டைகளும் இருக்கும். இலை உதிராத காம்புகளாக நான்கைந்தைத் தேடியெடுத்தால் மூன்று, ஆறு, ஒன்பது என்று மூன்றாம் வாய்பாடு தானாகவே வந்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சருகுக் குவியலுக்குள் பாம்பும் தேளும் இருக்கலாம். ஆகவே பிள்ளைகள் மூடிய காலணியும் நீளக் காற்சட்டையும் அணிய வேண்டும், பெரியவர் ஒருவர் முன்னால் கம்பால் கிளறிப் பார்த்த பிறகே கையை வைக்க வேண்டும். பால் வெட்டும் உளி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு, கம்பி எதையும் தொட விடாதீர்கள். அவை ஒருவருடைய பிழைப்புக்கான பொருள்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். காய்ந்த மாதமாதலால் சருகு நெருப்பைச் சட்டென்று பிடிக்கும். குப்பையைக் கொளுத்திக் காட்டும் வேடிக்கை வேண்டவே வேண்டாம்.

வீட்டில் செய்வதற்கு எனக்கு மிகவும் பிடித்தது நரம்பிலை. முழுமையான, ஓட்டையில்லாத இலைகள் பத்தை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே ஒரு தட்டைப் பாரமாக வைத்து, இறுக்கமாக மூடிவிடுங்கள். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரங்களில், சில இலைகளுக்கு இன்னும் அதிக நாளில், சதைப்பகுதி அழுகிக் கொழகொழப்பாகிவிடும். அப்போது இலையை ஒரு தட்டில் பரப்பி, பழைய மென்மையான பல்துலக்கியால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லத் தட்டித் தட்டி நீக்கினால், சல்லடைத் துணிபோல நரம்பு மட்டும் மிஞ்சும். இழுத்துத் தேய்த்தால் கிழிந்துவிடும். பிள்ளையின் கையைப் பிடித்து நான்கு முறை தட்டிக் காட்டினால் ஐந்தாவது முறை அதுவே செய்யும். மூடுவதில் கவனக்குறைவு கூடாது. ஒருமுறை நான் வாளியைத் திறந்தே விட்டுவிட்டேன். ஒரு வாரத்துக்குள் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டிங்கி பரவும் நாட்டில் அது சிறு பிழை அல்ல. அன்று தண்ணீரை வெயில் தரையில் ஊற்றி, வாளியைத் தேய்த்துக் கழுவி, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன்.

குடும்பத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், ஒருவராவது இருப்பார். அவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். முப்பது ஆண்டு மரம் வெட்டிய ஒரு பாட்டி தம் பேரனிடம், "இலை கொட்டுற மாசத்துல வாளி பாதிகூட நிறையாதுடா கண்ணு. துளிரு விட்டு முத்துனாத்தான் பழைய பால் வரும்," என்று சொன்னதைக் கேட்டேன். மரம் தன் சத்தைப் புது இலைக்குச் செலவிடுவதால் பால் குறைகிறது என்ற செய்தி அந்தப் பேச்சிலேயே இருந்தது. "அப்போ காசுக்கு என்ன பண்ணுவீங்க ஆயா?" என்று அவன் திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்விக்கு அவர் புல் வெட்டப் போனதையும் கடையில் கடன் சொன்னதையும் விவரமாகச் சொன்னார். இப்படிப்பட்ட பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாடம் மாசியோடு முடிவதில்லை. இலை துளிர்த்ததும் பூக்கும் சிறு மஞ்சள் பூக்கள் காயாகி, ஆகஸ்டு, செப்டம்பர் மாத வெயிலில் படாரென்று வெடித்துக் கொட்டையைத் தூர எறியும். பிள்ளைகளோடு பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து வெடிப்பை எண்ணுங்கள். பிறகு பொறுக்கிய கொட்டைகளின் மேலுள்ள பழுப்புக் கோலத்தைப் பாருங்கள். கொட்டையின் ஓடு தாய்மரத்தின் திசுவிலிருந்து உருவாவதால் ஒரு மரத்துக் கொட்டைகள் அனைத்திலும் கோலம் ஒன்றுபோலவே இருக்கும். கோலத்தைப் பார்த்துக் குவியல் பிரிப்பது ஆறு வயதுக்கு மிகப் பொருத்தமான விளையாட்டு. பல்லாங்குழி ஆடவும் இவை போதும். சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தோழனின் கையில் சுடவைத்தது பெரியவர்கள் பலருக்கும் நினைவிருக்கும். உராய்வு வெப்பம் தரும் என்பதைத் தம் விரல் நுனியில் மட்டும் மெல்ல உணரச் செய்யலாம். பச்சைக் கொட்டை வயிற்றுக்குள் போனால் சயனைடு நஞ்சாகும் என்பதால் யாரும் வாயில் வைக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்தவர் கையில் கொடுக்கவே வேண்டாம்.

சில கொட்டைகளை அன்றைக்கே ஈர மணலில், தட்டையான பக்கம் கீழிருக்கும்படி பாதி அமுக்கி வையுங்கள். தள்ளிப்போட்டால் முளைக்கும் திறன் விரைவில் போய்விடும். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 கொட்டைகளில் ஏறத்தாழ 2,700 மட்டுமே முளைத்தன. அந்த வழியில் வந்த கன்றுகளில் ஒன்பதை 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த ஹியூ லோ அம்மாநிலத்தின் கோலகங்சாரில் நட்டார். அவற்றுள் ஒன்று என்று காட்டப்படும் மரம் இன்றும் அங்கே நிற்கிறது. விடுமுறை நாளில் போய், பிள்ளைகள் கைகோத்து அடிமரத்தைச் சுற்ற எத்தனை பேர் வேண்டும் என்று கண்ணாலேயே கணித்துப் பார்க்கலாம்.

ரப்பரை அழித்துச் செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனையை நட்டுவிட்ட தோட்டங்களில் இருப்போர், பள்ளி வாசலிலோ திடலிலோ நிற்கும் கெத்தாப்பாங் மரத்தை, அதாவது நாட்டு வாதுமையை, எடுத்துக்கொள்ளலாம். அதன் அகன்ற இலை இரத்தச் சிவப்பாகி விழும். பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை விழும் என்பதால் ஒருமுறை தவறவிட்டாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. மெழுகு வண்ணத்தால் தாளின் மேல் தேய்த்து நரம்பைப் பதிவெடுக்க ரப்பர் இலையைவிட இதுவே நன்றாக வரும்.

மணலில் வைத்த கொட்டை முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். முளைத்த கன்றின் உயரத்தை நூலால் அளந்து, அந்த நூலையும் சுவரிலுள்ள தாள்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த தை கடைசியில் மரத்தில் கட்டியிருக்கும் துணி வெளுத்திருக்கும். புதுத் துணியைப் பிள்ளையே கட்டட்டும்.